செயற்கைக் கோடு: கனடா - அமெரிக்க எல்லையின் புவியியல் குறித்து

2025 சனவரியில், இரண்டாம் முறை பதவியேற்கச் சில நாட்கள் இருக்கையில், டொனால்ட் ட்ரம்ப் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லையைச் செயற்கையாக வரையப்பட்ட கோடு என்று வர்ணித்தார். இங்குள்ள பத்திரிகைகள் கொதித்தன. எமது சனங்களும் கொதித்தார்கள். கனடியத் தேசபக்தி எம்மவர் மத்தியில் இவ்வளவு வேகமாக வளர்ந்துவிட்டதா என்று வியக்கும்படி, நான் போய்வரும் கூட்டங்களில் எல்லாம் இதே பேச்சாக இருந்தது. அப்போது அடிக்கடி கேட்ட வாதம் இதுதான்: கனடா ஒரு இயற்கையான நாடு; அதன் நிலம் வேறு, சுவாத்தியம் வேறு, ஆகவே மக்கள் வேறு, ஆகவே அது தனி நாடு.

இந்த வாதத்தின் முடிவு எனக்குச் சம்மதம். அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு என்பதைக் காட்டவே இக்கட்டுரை. ஊரில் சில வருடங்கள் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவன், இங்கு முப்பது வருடங்களுக்கு மேலாக வாழ்பவன் என்ற இரண்டைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. காரணம் பிழைத்தால் என்ன, முடிவு சரிதானே என்று சிலர் கேட்கலாம். இதே காரணத்தைத்தான் நாம் எமது தாயகம் பற்றிய விவாதங்களிலும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறோம் என்பதே எனது பதில். 'இயற்கை எல்லை', 'தொடர்ச்சியான நிலப்பரப்பு' ஆகிய சொற்கள் எமது துண்டுப்பிரசுரங்களில் எத்தனை தடவை வந்திருக்கின்றன! நிலம்தான் தேசத்தைத் தருகிறது என்று ஒப்புக்கொள்பவர், நிலம் தராத இடத்தில் தேசமும் இல்லை என்பதையும் ஒருநாள் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஐந்திணை படித்து வளர்ந்த எமக்கு நிலமே மனிதரை ஆக்குகிறது என்ற எண்ணம் எளிதில் இனிக்கும். அதனால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புவியியலை மட்டும் வைத்துப் பார்த்தால் ட்ரம்ப் சொன்னது சரி. அதைச் சொன்ன முதலாவது ஆளும் அவரல்லர். ஒக்ஸ்போர்ட்டில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து பின்னர் ரொறன்ரோவில் குடியேறிய கோல்ட்வின் சிமித் என்பவர் 1891ல் கனடியப் பிரச்சினை குறித்து ஒரு நூல் எழுதினார். (யூதர்களைப் பற்றி மோசமான வெறுப்பை எழுதிய மனிதர். அதையும் சேர்த்தே அவரை நினைவில் கொள்ளவேண்டும்.) அவர் கண்ட கனடா, ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு துண்டுகள். அத்திலாந்திக் மாகாணங்கள் ஒன்று, பழைய கனடாவாகிய கியூபெக்கும் ஒன்ராறியோவும் இன்னொன்று, பிரேரிச் சமவெளி மூன்றாவது, பசுபிக் கரை நான்காவது. ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே காடோ பாறையோ மலையோ குறுக்கிடுகிறது. ஆனால் ஒவ்வொரு துண்டும் தன் தெற்கே இருக்கும் அமெரிக்கப் பிரதேசத்தோடு தடையின்றி இணைகிறது. ஆகவே இரண்டு நாடுகளும் ஒன்றாவதே இயல்பு என்று முடித்தார் சிமித்.

உலகப்படத்தை விரித்து இரண்டு நாடுகளையும் பார்ப்போம். பரப்பளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொன்றும் ஒரு கோடி சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சனத்தொகையில் கனடா நான்கு கோடி சொச்சம், அமெரிக்கா முப்பத்துநான்கு கோடி அளவில். அரசியற் படத்தில் எல்லை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. பௌதிகப் படத்தை அதன்மேல் வைத்தால் எல்லாமே வடக்குத் தெற்காக ஓடுகின்றன. கிழக்கே அப்பலாச்சியன் மலைகள் அலபாமாவில் தொடங்கி நியூபவுண்லாந்துவரை வருகின்றன. மேற்கே றொக்கி மலைத்தொடர் நியூ மெக்சிக்கோவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியாவரை போகிறது. இரண்டுக்கும் நடுவே பெருஞ்சமவெளி ரெக்சாசிலிருந்து ஆர்க்டிக் கரையை நோக்கி விரிகிறது. இவற்றில் எதுவும் எல்லைக்கோட்டைக் கண்டு நிற்பதில்லை.

இதன் பலன் சுவாத்தியத்தில் தெரியும். இந்திய உபகண்டத்துக்கு மேலே இமயமலை ஒரு மதிலாக நின்று மத்திய ஆசியாவின் குளிரைத் தடுக்கிறது. இங்கே ஆர்க்டிக் சமுத்திரத்துக்கும் மெக்சிக்கோ வளைகுடாவுக்கும் நடுவில் குறுக்காக ஒரு மலைகூட இல்லை. வடதுருவத்துக் குளிர்காற்று வழுக்கிக்கொண்டு தெற்கே போகும். வளைகுடாவின் ஈரக்காற்று மேலே வரும். இரண்டும் மோதும் இடத்தில் சுழல்காற்று எழும். 2021 பெப்ரவரியில் ரெக்சாசின் மின்விநியோகம் உறைந்து முறிந்தது இந்தத் திறந்த வழியால்தான். 2023 யூனில் கியூபெக் காடுகள் எரிந்த புகை நியூயோர்க் வானத்தைச் செம்மஞ்சளாக்கியதும் இதே காரணத்தால். 'கனடா குளிர்நாடு, அமெரிக்கா சூடான நாடு' என்ற பிரிப்பு எல்லைப் பிரதேசத்துக்குப் பொருந்தாது. ரொறன்ரோ மினியாப்பொலிசுக்கும் சியாற்றிலுக்கும் தெற்கே இருக்கிறது. டெற்றோயிற்றில் இருந்து நேரே தெற்கே ஆற்றைக் கடந்தால் வருவது கனடாவின் வின்சர் நகரம். புதிதாக வந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

கனடாவின் தனித்தன்மை என்று சொல்லக்கூடிய ஒரு பெரிய நிலவமைப்பு இருக்கத்தான் செய்கிறது. எமது பாடப்புத்தகங்களில் 'கனடியப் பரிசை' என்று படித்த பழம்பாறை நிலம் அது. நாட்டின் ஏறத்தாழ அரைப்பங்கை அது மூடியிருக்கிறது. பூமியின் மிகப் பழைய பாறைகளிற் சில அங்குதான் உள்ளன. வடமேற்கிலுள்ள அக்காஸ்ரா பாறைக்கு வயது நானூறு கோடி வருடங்கள். பனிக்கட்டிக் காலத்தில் கிலோமீற்றர் கணக்கான தடிப்புள்ள பனி இதன்மேல் நகர்ந்து மேல்மண்ணைச் சுரண்டித் தெற்கே தள்ளியது. பனி உருகியபோது எஞ்சியவை வெறும் பாறையும் எண்ணற்ற ஏரிகளும். வாரிக்கொண்டு போனதில் ஒரு பங்கு அயோவா, இலினோய் பக்கமாக இறங்கி, இன்று அமெரிக்கச் சோள வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. கனடாவின் மண்ணை அமெரிக்கா தோண்டாமலே பெற்றுக்கொண்டது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் இந்தப் பரிசை கனடாவை ஒன்றிணைக்கவில்லை, இரண்டாக வெட்டுகிறது. சுப்பீரியர் ஏரியின் வடகரையில் அது தண்ணீர்வரை இறங்கி வந்து கிழக்குக் கனடாவையும் மேற்குக் கனடாவையும் பிரித்துவிடுகிறது. 1991ல் வின்னிபெக்கில் வேலை கிடைத்த ஒரு நண்பருடைய வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வாடகை வானில் நாம் மூவர் அவ்வழியே போனோம். ரொறன்ரோவிலிருந்து சூ சென் மேரி ஏறத்தாழ எழுநூறு கிலோமீற்றர். அங்கிருந்து தண்டர் பே இன்னுமொரு எழுநூறு. பிறகு வின்னிபெக் மேலுமொரு எழுநூறு. நடுவில் மணிக்கணக்காகப் பாறை, ஊசியிலைக் காடு, ஏரி, மீண்டும் பாறை. சிக்காகோ வழியாகப் போயிருந்தால் நல்ல அகலமான வீதி. ஆனால் எங்கள் மூவரில் ஒருவரிடமும் அமெரிக்காவுக்குள் கால்வைக்கத் தாள் இல்லை. அகதி விண்ணப்பதாரருக்குத்தான் கனடா கிழக்கு மேற்காக முழுமையாகத் தெரியும் என்று அன்று பகிடியாகப் பேசிக்கொண்டோம்.

அந்த வழியில் நிப்பிகன் என்ற சிற்றூரில் ஒரு பாலம் உண்டு. 2016 சனவரி 10ம் திகதி புதிதாகக் கட்டிய அப்பாலத்தின் ஒரு பகுதி குளிரில் மேலெழும்பிவிட, பாதை மூடப்பட்டது. அந்த ஒரு பாலம் மூடியதும் கிழக்கிலிருந்து மேற்குக்குக் கனடாவுக்குள்ளேயே வாகனத்தில் போக வழியில்லாமற் போயிற்று. அமெரிக்காவுக்குள் புகுந்து சுற்றித்தான் போகவேண்டும். ஒரு கோடி சதுர கிலோமீற்றர் நாட்டின் இரண்டு பாதிகளையும் வீதியால் கட்டிவைத்திருப்பது ஒரு கண்ணி! எண்ணெயும் இதே கதைதான். அல்பேர்ட்டாவின் எண்ணெய் ஒன்ராறியோவின் சார்ணியாவுக்கு வரும் முக்கியமான குழாய், 1953லிருந்து விஸ்கொன்சின், மிச்சிகன் மாநிலங்கள் வழியாகச் சுற்றி வருகிறது. பாறையைவிட அந்நியநாடு இலகுவாக இருந்தது.

இதனால் கனடியர் வாழும் நாடும் உலகப்படத்தில் தெரியும் நாடும் ஒன்றல்ல. 2016ம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கனடியரில் மூன்றில் இரண்டு பங்கினர் தென் எல்லையிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் வசித்தனர். அந்தப் பட்டி நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு நான்கு பங்குதான். வின்சரிலிருந்து கியூபெக் நகர்வரை உள்ள ஒடுங்கிய நிலத்தில் மட்டும் ஏறத்தாழ பாதிப்பேர். அமெரிக்கருக்கு இப்படி ஒரு நெருக்கடி இல்லை. அவர்களுக்கு மிசிசிப்பி, மிசூரி, ஒஹாயோ என்று கப்பல் போகக்கூடிய ஆறுகள் நல்ல விளைநிலத்தின் நடுவே ஓடி, உறையாத கடலில் விழுகின்றன. கனடாவின் மக்கென்சியும் நெல்சனும் ஆளில்லாத வடக்கை நோக்கி ஓடுகின்றன. சென் லோறன்ஸ் ஒன்றுதான் கனடாவுக்குக் கிடைத்த வாசல். அதுவும் மாரியில் உறைந்துவிடும். இடையில் நயாகரா நீர்வீழ்ச்சி வேறு. 1825ல் ஈரீ கால்வாய் திறந்ததும் பேரேரிகளின் வியாபாரத்திற் பெரும்பகுதி மொன்றியாலை விட்டு நியூயோர்க்குக்குப் போய்விட்டது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் அரசியற் பொருளாதாரம் படிப்பித்த ஹரல்ட் இன்னிஸ் 1930ல் வெளியிட்ட தோல் வர்த்தக வரலாற்றில், கனடா புவியியலை மீறி உருவான நாடு என்ற கருத்தை மறுத்து, புவியியலாலேயே அது உருவாயிற்று என்றார். பீவர் என்ற நீர்விலங்கின் தோல், அதைத் தேடிச் சென்ற தோணிகள், மொன்றியாலில் இருந்து சுப்பீரியரின் மேற்கரைக்கும் அப்பால் வடமேற்குக்கும் தொடர்ந்து செல்லும் நீர்வழி, இவைதான் இன்றைய கனடாவின் உருவத்தை வரைந்தன என்பது அவர் வாதம். சும்மா மேசையிலிருந்து எழுதியதல்ல. 1924ல் தானே மக்கென்சி ஆற்றில் தோணியில் போனவர். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் இடதுசாரிகள்கூட இன்னிசை விட்டுக்கொடுப்பதில்லை. தோணிக்காலம்வரை அவர் சொல்வதை நானும் ஏற்கிறேன்.

தோணிக்காலம் முடிந்தபின் நடந்தது என்ன? சிவப்பாற்றுக் குடியேற்றத்துக்கு (இன்றைய வின்னிபெக்) சாமான்கள் அமெரிக்காவின் சென் போலில் இருந்துதான் மாட்டுவண்டியிலும் நீராவிப் படகிலும் வந்தன. பிரேரியின் முதலாவது புகையிரத இயந்திரம் பிலடெல்பியாவில் செய்யப்பட்டு, 1877ல் ஆற்றில் பாதையில் ஏற்றி வின்னிபெக்குக்குக் கொண்டுவரப்பட்டது. 1878ல் அந்நகருக்குக் கிடைத்த முதலாவது புகையிரதத் தொடர்பும் தெற்கே சென் போலுடன்தான். நிலம் தன் வழியிலே போய்க்கொண்டிருந்தது. அதை மறித்துக் கிழக்கு மேற்காகக் கட்டியது அரசு. சுப்பீரியரின் வடகரைப் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, நட்டக் கணக்கைப் பார்க்காமல், 1885 நவம்பர் 7ல் கனடிய பசுபிக் புகையிரதப் பாதையின் கடைசி ஆணியை அடித்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பகுதியை வெட்டியவர்களிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். வேலை முடிந்த அதே வருடம் சீனர் உள்ளே வருவதற்குத் தலைவரி விதித்தார்கள். பாதை முழுமையடையும் முன்பே அதன்வழி படைகளை அனுப்பி மெத்தீ மக்களின் கிளர்ச்சியை அடக்கி, கடைசி ஆணி அடித்து ஒன்பதாம் நாள் அவர்களது தலைவர் லூயி ரியெலைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே சிமித்தின் புவியியல் சரி, முடிவு பிழை. இன்னிசின் முடிவு சரி, புவியியல் பாதிதான் சரி. கனடா என்பது முடிவுகளால் ஆன நாடு. அமெரிக்கப் புரட்சியில் சேர மறுத்தவர்களின் முடிவு, தம் மொழியையும் சமயத்தையும் காப்பதற்கு அமெரிக்கக் குடியரசைவிட பிரித்தானியக் கிரீடம் பரவாயில்லை என்று கணக்குப் போட்ட பிரெஞ்சுக் கனடியரின் முடிவு, 1812 யுத்தம், 1867 கூட்டாட்சி, பின்னர் பாறையிலே போட்ட இரும்புப் பாதை. இந்த முடிவுகளிற் பலவற்றில் அநியாயம் கலந்திருக்கிறது. ஆனாலும் ஒரு மலையோ ஆறோ இவற்றைத் தரவில்லை. ஒரு சனக்கூட்டம் தனித்திருக்க விரும்புவதற்கும் அதற்கு உரிமை கோருவதற்கும் நிலத்தின் சாட்சி வேண்டியதில்லை. நிலம் எதிர்ச்சாட்சி சொன்ன இடத்திலும் அது நடந்திருக்கிறது. எமது விவாதங்களில் வரலாற்றையும் சம்மதத்தையும் பேசவேண்டிய இடத்தில் மலையையும் கடலையும் பேசி நேரத்தை வீணாக்குகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

இனி அந்தக் கோட்டை எப்படி வரைந்தார்கள் என்று பார்ப்போம். அலாஸ்காப் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 8,900 கிலோமீற்றர். 1783ல் பாரிசில் உட்கார்ந்து, உட்ஸ் ஏரியின் வடமேற்கு முனையிலிருந்து நேர் மேற்காகப் போனால் மிசிசிப்பி ஆறு வரும் என்று எழுதினார்கள். வரவில்லை; மிசிசிப்பி அதற்குத் தெற்கேயே பிறந்துவிடுகிறது. பிழையைத் திருத்த 1818ல் 49ம் அகலக்கோட்டைப் பிடித்து றொக்கி மலைவரை போட்டார்கள். 1846ல் அதைப் பசுபிக் வரை நீட்டினார்கள். அந்தப் பழைய பிழையின் மிச்சமாக மினசோட்டாவின் ஒரு துண்டு இன்றும் கனடாவோடு ஒட்டிக்கிடக்கிறது. அங்குள்ளோர் வீதியால் தம் சொந்த மாநிலத்தின் மற்றப் பகுதிக்குப் போவதென்றால் மனிற்றோபாவுக்குள் வந்துதான் போகவேண்டும். நிலஅளவையாளர் நட்ட தூண்களும் உண்மையான 49ம் பாகையிலிருந்து இடத்துக்கிடம் சில நூறு மீற்றர்வரை விலகி நிற்கின்றன. காட்டில் ஆறு மீற்றர் அகலத்துக்கு மரங்களை வெட்டி வெளியாக்கியிருப்பதால்தான் கோடு இருப்பதே தெரிகிறது. பால் ஆறு என்றொரு ஆறு மொன்ரானாவில் பிறந்து, அல்பேர்ட்டாவுக்குள் வந்து, மீண்டும் மொன்ரானாவுக்குள் போகிறது. அந்தத் தண்ணீரையும் பக்கத்து சென் மேரி ஆற்றுத் தண்ணீரையும் பங்கிடவே 1909 நீர் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு விதி எழுத நேர்ந்தது.

கோடு வந்தபோது அந்தச் சமவெளி வெறுமையாக இருக்கவில்லை. பிளாக்ஃபுட் கூட்டமைப்பின் மக்கள் இன்று மூன்று பிரிவினர் அல்பேர்ட்டாவிலும் ஒரு பிரிவினர் மொன்ரானாவிலுமாக இரண்டு நாட்டுக் குடிகளாய் இருக்கிறார்கள். இடம்பெயரவே இல்லை, எல்லைதான் அவர்களுக்குள் இடம்பெயர்ந்து வந்தது. கோட்டின் வடபுறத்தில் அமெரிக்கப் படை துரத்தாமல் நின்றுவிடுவதைக் கண்ட சமவெளி மக்கள் அதற்கு 'மந்திரக் கோடு' என்று அர்த்தப்படும் பெயர் வைத்தார்கள். 1876ல் லிட்டில் பிக்ஹோர்னில் கஸ்ரரின் படையை அழித்த பின்னர், லக்கோட்டா மக்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கோட்டைக் கடந்தார்கள். அவர்களின் தலைவர் சிற்றிங் புல் 1877ல் சஸ்காச்சுவானின் வூட் மவுண்டன் பகுதிக்கு வந்து சேர்ந்தார். கனடா அவர்களை விரட்டவில்லை. ஆனால் நிலமும் கொடுக்கவில்லை, உணவும் கொடுக்கவில்லை. எருமைக்கூட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. நான்கு வருடம் பட்டினி கிடந்து 1881ல் சிற்றிங் புல் திரும்பிப்போய்ச் சரணடைந்தார். எல்லையில் திருப்பி அனுப்பாமலே ஒரு அகதியைத் திருப்பி அனுப்பும் முறைக்கு இந்நாட்டில் வயது நூற்று நாற்பதுக்கு மேல். இதை இங்குள்ள பாடசாலைகளில் கனடாவின் விருந்தோம்பலுக்கு உதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீளமான இந்தக் கோட்டை மனிதர் எங்கும் கடப்பதில்லை. நிலம் திறந்துவிடும் சில வாசல்கள் உள்ளன. அடிரொண்டாக் மலைகளுக்கும் பச்சை மலைகளுக்கும் நடுவே சம்பிளெயின் ஏரிப் பள்ளத்தாக்கு நியூயோர்க்கிலிருந்து மொன்றியாலுக்கு நேர்வழி. ஈரீ ஏரிக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் இடையில் நயாகரா நிலத்துண்டு. ஹூரோனுக்கும் ஈரீக்கும் இடையில் டெற்றோயிற் ஆறு (அச்சொல்லே பிரெஞ்சில் நீரிணை என்று பொருள்படும்). மேற்கே சிவப்பாற்றுச் சமவெளி. 1812 யுத்தத்தில் அமெரிக்கப் படைகள் முதல் மூன்று வாசல்களாலும் நுழையப் பார்த்தன. 1850ல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தபின், கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்ததும் டெற்றோயிற் ஆற்றாலும் நயாகராவாலும். ஆற்றின் அகலம் டெற்றோயிற்றில் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. உள்நாட்டு யுத்தம் முடிய அவர்களிற் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அதே நூற்றாண்டில் எதிர்த்திசையில் ஒரு பெரும் பெயர்வு நடந்தது: 1840 தொடக்கம் 1930 வரை ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர், பயிர்செய்ய நிலமில்லாமல், நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளை நோக்கிப் போனார்கள். கோடு இருந்தது; கதவு இருக்கவில்லை.

எம்மவர் வந்ததும் இதே வாசல்களால்தான். 1986ல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விமான நிலையங்களால் வந்தவர்கள் கதையும் தெரியும். ஆனால் 80களின் கடைசியிலும் 90களிலும் அமெரிக்காவுக்குள் எப்படியோ வந்து, பஃபலோ நகரத்தில் ஒரு பழைய பாடசாலைக் கட்டடத்தில் இயங்கிய தங்குமிடத்தில் நாட்கணக்காகக் காத்திருந்து, நயாகரா ஆற்றின்மேல் உள்ள சமாதானப் பாலத்தைக் கடந்து போர்ட் ஈரீயில் தஞ்சம் கேட்டவர்கள் எம்மில் எத்தனை பேர்! குறித்த நாளுக்குப் போய், பெயரைச் சொல்லி, உள்ளே வந்தார்கள். அதிகாரபூர்வமான வாசலால் வருவதே பாதுகாப்பான வழியாக இருந்த காலம் அது.

2004 டிசம்பர் 29ல் நிலைமை தலைகீழானது. இரு நாடுகளும் செய்த 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' ஒப்பந்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. முதலில் எந்த நாட்டில் கால் வைத்தாரோ அங்கேயே தஞ்சம் கேட்கவேண்டும். கனடாவில் நெருங்கிய உறவினர் இருந்தாலோ வேறு சில விதிவிலக்குகளிலோ தவிர, எல்லை அலுவலகத்தில் வந்து கேட்பவர் திருப்பி அனுப்பப்படுவார். ஆனால் ஒப்பந்தம் அதிகாரபூர்வமான நில நுழைவாயில்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று எழுதப்பட்டது. அதாவது பாலத்தால் வந்தவருக்கு இடமில்லை. வயலால் வந்தவருடைய விண்ணப்பம் விசாரிக்கப்படும். இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் மனிதரை வயலுக்குள் தள்ளமுடியாது.

இங்கேதான் பௌதிகப் புவியியல் மீண்டும் உள்ளே வருகிறது. மனிற்றோபாவின் எமர்சன் பக்கத்துச் சமவெளி, பனிக்கட்டி உருகித் தேங்கிய அகாசி என்ற மாபெரும் ஏரியின் பழைய அடித்தளம். மேசைபோலத் தட்டை. காற்றை மறிக்க ஒரு மேடு கிடையாது. முன்னே சொன்ன ஆர்க்டிக் காற்று தடையின்றி வீசும் பாதை அது. 2016 டிசம்பரில் கானா நாட்டவர் இருவர் அங்கே வடக்கு நோக்கி நடந்து கைவிரல்களை உறைபனிக்கு இழந்தார்கள். 2022 சனவரி 19ல் அதே எமர்சனுக்கு அருகே குஜராத்திலிருந்து வந்த தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் உறைந்து இறந்து கிடந்தார்கள். அவர்கள் போனது தெற்கே, அமெரிக்காவுக்கு. கோடு சில மீற்றர் தூரத்தில் இருந்தது. காற்றையும் சேர்த்தால் குளிர் -35 பாகை. பத்திரிகைகள் குளிரைப் பற்றி எழுதின. அந்தக் குளிர் பத்தாயிரம் வருடங்களாக அங்கேதான் இருக்கிறது. குடும்பங்கள் அதற்குள் இரவில் நடக்கத் தொடங்கியது எப்போதிருந்து, ஏன் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

கிழக்கே சம்பிளெயின் வாசலில் நிலம் சற்றுக் கருணை காட்டியது. நியூயோர்க் நகரிலிருந்து பஸ்சில் பிளற்ஸ்பேர்க், அங்கிருந்து வாடகைக் காரில் றொக்சம் வீதியின் முடிவு, பிறகு சில அடி நடை. 2017க்குப் பின் அந்தக் கிராமத்து வீதி உலகப் புகழ் பெற்றது. 2022ல் மட்டும் நுழைவாயில்களுக்கு வெளியே வந்து தஞ்சம் கேட்டவர்கள் ஏறத்தாழ 39,000 பேர். மிகப் பெரும்பாலானோர் இவ்வழியே. 2023 மார்ச் 25ல் ஒப்பந்தத்தை முழு எல்லைக்கும், அதில் அடங்கும் ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் நீட்டினார்கள். இனி எங்கால் கடந்தாலும், பதினான்கு நாட்களுக்குள் தஞ்சம் கேட்பவர் திருப்பி அனுப்பப்படலாம். பதினைந்தாம் நாள்வரை ஒளிந்திருந்தால் கேட்கலாம் என்பது அன்றைய விதி! மலை, ஆறு, மரம் எதுவும் அசையாமல் எல்லை ஓர் இரவில் பதினான்கு நாள் அகலமாகிவிட்டது. அதே வருடம் யூனில் கனடாவின் உச்ச நீதிமன்றம், உயிர் மற்றும் சுதந்திர உரிமையை இவ்வொப்பந்தம் மீறவில்லை என்று தீர்ப்பளித்து, சமத்துவ உரிமை பற்றிய கேள்வியை மட்டும் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பியது.

புதிய விதி வந்து ஒரு வாரம் ஆகுமுன்பே, மார்ச் கடைசியில், சென் லோறன்ஸ் ஆற்றில் எட்டுப்பேர் மூழ்கி இறந்தார்கள். இந்தியக் குடும்பம் ஒன்றும் ருமேனியக் குடும்பம் ஒன்றும், அமெரிக்காவை நோக்கிப் போனவர்கள். (கனடாவுக்கு வருவோருக்கான விதியை அந்தச் சாவுக்குக் காரணமாகச் சிலர் எழுதியது சரியல்ல, திசை வேறு. ஆனால் இரு பக்கமும் கதவைப் பூட்டிய பிறகு ஆறு மட்டுமே வழியாக மிஞ்சுகிறது என்பது இரு திசைக்கும் பொருந்தும்.) சடலங்கள் கிடைத்த இடம் அக்வசாஸ்னே. ஒன்ராறியோ, கியூபெக், நியூயோர்க் மூன்றுக்குள்ளும் கிடக்கும் மோஹோக் மக்களின் ஊர் அது. அம்மக்கள் தடையின்றிக் கோட்டைக் கடக்கலாம் என்று 1794ம் ஆண்டு ஜே உடன்படிக்கை சொன்னது. அமெரிக்கா அதை நிபந்தனைகளோடு ஏற்கிறது. கனடா அதைச் சட்டமாக்கவே இல்லை. 2009ல் ஊருக்கு நடுவே கோர்ன்வோல் தீவில் இருந்த கனடிய எல்லைச் சாவடி, காவலருக்குத் துப்பாக்கி கொடுப்பதை ஊர்மக்கள் எதிர்த்ததைத் தொடர்ந்து மூடப்பட்டு, ஆற்றுக்கு அப்பால் நகரத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு அமெரிக்கப் பக்கத்திலிருந்து தீவிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பும் ஒருவர், வீட்டைத் தாண்டிப் பாலமேறி நகரத்துக்குப் போய், பதிவுசெய்து, மீண்டும் பாலமேறி வீட்டுக்கு வரவேண்டியதாயிற்று. இறந்தவர்களை ஆற்றில் தேடியது இவ்வூர்ப் பொலிசார்தான்.

பஃபலோ வழியாக வந்தவர்கள் எம்மிடையே இன்னும் உள்ளனர், பலர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எந்த ஊரிலிருந்து எந்த வழியால், யார் கையில் எவ்வளவு கொடுத்து, எங்கே எத்தனை நாள் தங்கி அந்தப் பாலத்துக்கு வந்தோம் என்று அவர்கள் எழுதவேண்டும். பெயர் வேண்டாம், இடமும் திகதியும் இருந்தால் போதும். இவ்விதழின் ஆசிரியர் குழு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வரும் குறிப்புகளை வைத்து ஒரு உலகப்படம் வரைய நான் ஆயத்தமாயிருக்கிறேன்.